சித்தப்பாவின் மிலிட்டரி லாரி

மர்பி டவுனில் எங்கள் தெருமுனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மிலிட்டரி லாரி நின்றுகொண்டிருந்தது. சண்டை முடிந்து பட்டாளம் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது என் சித்தப்பா எடுத்தது. கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தியதோடு சரி. அதற்குப் பிறகு நாலு மழைக்காலம் அது ஒரு சாண்கூட நகரவில்லை. சித்தப்பா பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர். திரும்பி வந்து ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தார். லாரி என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் "பார்ட்ஸ் கெடைக்கல" என்பார். தேடிப் போனதாக நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த நாலு வருடத்தில் லாரி எங்களுடையதாகிவிட்டது. எனக்கு ஒன்பது வயது. டிரைவர் சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடும். பானட்டின் மேல் அம்மா மிளகாய் காயப்போடுவாள். பின்னால் திறந்த தட்டில் நாங்கள் பள்ளிக்கூடம் நடத்தினோம், ஆஸ்பத்திரி நடத்தினோம், நாலைந்து கல்யாணங்களும் நடத்திவைத்தோம். லாரிக்காரரின் அண்ணன் மகள் என்ற தகுதியில் எப்போதும் நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஒருநாள் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார். கன்னடத்தில் நிதானமாகத்தான் பேசினார். ஒரு மாதத்துக்குள் வண்டி தன் காலில் இந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டிக் காயலாங்கடைக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அன்றைக்குச் சித்தப்பா சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பட்டாளத்தில் சித்தப்பா ஓட்டிய லாரிகளைப் பழுது பார்த்தவர் பாய். இப்போது சிவாஜி நகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகை போட்டு வண்டி வேலை செய்துவந்தார். ஒல்லியான ஆள். எஞ்சினோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். மிளகாயை ஒதுக்கிவிட்டு பானட்டைத் திறந்தவர், உள்ளே குளவிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "அரே, இவங்க எல்லாம் எவ்ளோ நாளா குடியிருக்காங்க?" என்று கேட்டார். தெருவே சிரித்தது.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சித்தப்பாவும் பாயும் சேர்ந்து தொங்கினார்கள், அசையவில்லை. எஞ்சின் துவாரங்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊற விட்டார்கள். மறு ஞாயிறு மறுபடி தொங்கினார்கள். திடீரென்று ஹேண்டில் கால் சுற்றுச் சுற்றியது. பாய் "ஹில்கயா! அசைஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு சித்தப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு பெட்ரோல் டாங்கைக் கழற்றி, உள்ளே ஜல்லியைப் போட்டு, எங்களைக் குலுக்கச் சொன்னார்கள். டீ டிகாஷன் மாதிரித் துரு வழிந்தது. பிரேக் குழாய்கள் மாறின. டயர்கள் எங்கிருந்தோ உருண்டு வந்தன.

சித்தப்பாவும் மாறினார். தினமும் முகம் மழித்துக்கொண்டார். சாப்பிடும்போது தானாகப் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது, அவர் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்கும்வரை. தேவனஹள்ளிப் பக்கம் ஒரு கல் குவாரியில் லோடு அடிக்க ஆள் கேட்டிருக்கிறார்களாம்.

"அப்போ இங்க எப்ப வருவே?" என்றாள் அம்மா.

"வண்டி ஓடுச்சின்னா வண்டி போற எடம்தான் அண்ணி நமக்கு."

லாரியும் போகப்போகிறது, சித்தப்பாவும் போகப்போகிறார். இதில் எதற்கு எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று புரியவில்லை.

லாரியை ஓடாமல் செய்வது எப்படி என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தவரே பாய்தான். எஞ்சின் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி. இரண்டு கிளிப்பைத் தள்ளினால் வந்துவிடும். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு. "இது ரோட்டார். சண்டையில வண்டிய நிறுத்தினா இத எடுத்து ஜேப்புல போட்டுக்குவோம். அப்புறம் எந்த ராஜா வந்தாலும் வண்டி போகாது," என்று ஒருமுறை விளையாட்டாகக் காட்டியிருந்தார். நான் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பம்பரில் ஏறி, பானட்டைத் திறந்து இரண்டு கிளிப்பைத் தள்ளினேன். துண்டை எடுத்து மூடியை முன்போலவே போட்டுவிட்டேன். சீயக்காய் டப்பாவின் அடியில் அது பத்திரமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டரி வந்தது. தெரு கூடிவிட்டது. சித்தப்பா ஹேண்டிலைச் சுற்றினார், பாய் சுற்றினார், அப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். லாரி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பாய் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ரோட்டார் இல்ல."

சித்தப்பா ஓடிவந்து பார்த்தார். அப்பா மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எஞ்சின் கிட்ட வேற யாருடா போறாங்க? பழைய சாமான் எங்க விக்கிதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அண்ணே, அப்படிப் பேசாதே."

"நான் யாரையும் சொல்லல. கேட்டேன்."

பாய் தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் கையைத் துணியில் துடைத்து, பெட்டியை மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா தெருமுனைவரை பின்னாலேயே நடந்தார். பாய் திரும்பவில்லை.

அந்த வாரம் சித்தப்பா வேலை முடிந்ததும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். அந்த ஜாதி வண்டிக்கு ரோட்டார் எங்கேயும் கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கெடு. மறுபடி முகத்தில் தாடி முளைக்க ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். லாரி போகாமல் நிறுத்தினால் சித்தப்பா இருப்பார் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். இருந்தார். ஆனால் முன்பிருந்த சித்தப்பாவாக இருந்தார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். ரோட்டாரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அல்சூர் ஏரிக்கரையோடு சிவாஜி நகருக்கு நடந்தேன். அவ்வளவு தூரம் தனியாக நான் போனதில்லை. குதிரை வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவில் மூன்று பேரிடம் வழி கேட்டேன். ரஸ்ஸல் மார்க்கெட்டைத் தாண்டித் தகரக் கொட்டகையைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கையை நீட்டினார். முடிச்சை அதில் வைத்தேன். அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார்.

"சீயக்காயா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"கிளிப்பு தள்ற எடம் உனக்குத்தானேம்மா காட்டினேன்?"

ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பிறகு சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா போய்விடுவாரா என்று கேட்டேன். "போவான். போனாத்தானே திரும்பி வருவான்?" என்றார். அப்பா அடிப்பாரா என்று கேட்டேன். "நீ வாயத் தொறக்காதே. நான் பாத்துக்கிறேன்." எங்கள் தெருவுக்கு முன் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பெட்டியோடு வந்தார். நேராக அப்பாவிடம் போய்க் கையை விரித்துக் காட்டினார்.

"என் பெட்டியிலதான் இருந்திச்சு அண்ணா. தொடைக்க எடுத்தது, மறந்துட்டேன்."

அப்பா சித்தப்பாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். சித்தப்பா பாயின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஒரு சின்னப் பொய்யில் எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது!

மூன்றாவது சுற்றில் லாரி உறுமியது. கறுப்புப் புகை தெருவை மூடியது. டிரைவர் சீட்டிலிருந்து கோழி அலறிக்கொண்டு பறந்தது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாய் பக்கத்தில் ஏறிக் கதவைத் தட்டினார். "சலோ!" பின்னால் பதினைந்து பிள்ளைகள். அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். காற்றில் என் ரிப்பன் பறந்துபோனது, கவலைப்படவில்லை.

சித்தப்பா குவாரிக்குப் போனார். வாரம் தவறாமல் சனிக்கிழமை தலைமுடியெல்லாம் கல்தூசியோடு லாரியில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை பாய் வந்து எஞ்சினைப் பார்ப்பார். வேலை முடிந்து அவர் கை கழுவும்போதெல்லாம் அப்பா வீட்டுக்குள்ளிருந்து வருவார். சித்தப்பாவின் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, துணியில் சுற்றிவைப்பார். பாய் தண்ணீர்க் குழாயடியில் நின்று, அப்பா எண்ணி முடிக்கும்வரை கையைக் கழுவிக்கொண்டே இருப்பார்.

அப்பாவுக்கும் லாரிமேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஏழு, எட்டு, ஒன்பது என்று அவரோடு சேர்ந்து நானும் உரக்க எண்ணினேன்.