சாக்குச் சட்டை போட்ட முருங்கை

உப்புக் கிடங்கு சுடலைமுத்து அண்ணாச்சி காலமானார் என்ற செய்தி, என் கடையில் நான் கயிறு அளந்துகொண்டிருந்தபோது வந்தது. எத்தனை முழம் என்பது மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து அளந்தேன். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைச் சொல்வார்கள். சொல்லட்டும். நான் அவர் போட்ட தோட்டத்தைச் சொல்கிறேன். கூட இருந்து தலையில் அடித்துக்கொண்டவன் நான் ஒருவன்தானே.

யுத்தம் முடிந்த சமயம் அது. ஒரே மகள் பொன்னுத்தாயைக் குன்னூரில் கட்டிக்கொடுத்திருந்தார். தூத்துக்குடிக்குப் பிரசவத்துக்கு வந்தவள், திரும்பிப் போகமாட்டேன் என்று அழுதாள். “அங்க வீட்டுப் புறவாசல் வெறும் தரையாக் கெடக்குப்பா. வெயிலே விழாது, ஒரே குளிரு. பேச ஆளில்ல, பார்க்க ஒரு பச்சை இல்ல.”

“இம்புட்டுத்தானா?” என்றார் அண்ணாச்சி. அதுவரை ஒரு துளசிகூட வளர்த்தறியாத மனிதர். என் பக்கம் திரும்பி, “ஏலே, நம்மூர்ச் செடி வெயிலுல செத்துச் செத்துப் பொழைக்குது. அங்கன நிழலுல படுத்துக்கிட்டே வளரும்லே!” என்றார். முருங்கைக் கொம்பு, கறிவேப்பிலைக் கன்று, பனங்கொட்டை என்று சகலத்தையும் கிடங்குச் சாக்குகளில் சுற்றினார். தூக்கிக்கொண்டு போக நான்.

குன்னூரில் நட்ட மறுநாளே, “பிள்ளை நடுங்குதுலே” என்று முருங்கையைக் காட்டினார். சாக்குகளைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டு, என் கயிற்றால் இடுப்பில் கட்டினார். பனியில் சாக்கு நனைந்தது. நனைந்த சாக்கிலிருந்து உப்புநீர் வேரில் சொட்டியது. உப்பு வியாபாரிக்கு இது தெரியாதா என்பீர்கள். எங்கள் வேட்டி, தலையணை, மீசை எல்லாவற்றிலும் எந்நேரமும் உப்புதான். அது தனியாகக் கண்ணில் பட்டால்தானே?

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் முருங்கை கருகியது. அங்கே முன்பிருந்த நாலு புல்லும் கருகியது. மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. அதற்குள் சட்டை போட்ட செடிகளைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பொன்னுத்தாயும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தப் பெண்களே உப்புமண்ணை வாரிக் கொட்டிவிட்டு, குளிரிலும் நிழலிலும் வளரும் பெரணிகளைக் கொண்டுவந்து நட்டுக்கொடுத்தார்கள். “என் கைராசி எப்படிலே?” என்று அண்ணாச்சி ரயிலில் வழியெல்லாம் கேட்டார்.

அவர் படுக்கையில் விழுந்ததுமே அடித்த தந்தி கிடைத்துப் பொன்னுத்தாய் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுது ஓய்ந்தபின், ஈரத்துணியில் சுற்றிய ஒரு பெரணிக் கொத்தை என்னிடம் நீட்டினாள். “அப்பாவுக்குக் காட்டணும்னு கொண்டாந்தேன் மாமா. இந்த வெக்கையில வருமா?”

வராது. எனக்கு நன்றாகவே தெரியும். “நிழலுல படுத்துக்கிட்டே வளரும், தாயி” என்றேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வாய்தான். கடைக்குப் பின்னால் நட்டு, வெயில் மறைக்க ஒரு சாக்கு எடுத்தேன். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். கட்டுவதற்கு முன் நக்கியும் பார்த்துக்கொண்டேன்.