மூன்று கலரில் ஒரே மருந்து

இன்று இரணியலில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றுகொண்டே வீட்டுக்கு அவசரமாகப் போன் போட வேண்டியதாகிவிட்டது.

வாங்கப் போனது வெறும் சளி மாத்திரைதான்!

என் வீட்டுக்காரர் செல்வினுக்கு நேற்றிலிருந்து சளியும் காய்ச்சலும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாட வேண்டும். தனியாக ஒரு சரணம் வேறு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தொண்டை திறந்தாக வேண்டும் என்று, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மருந்து கேட்டார்.

துபாயிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் தம்பி ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தான். அங்கே எல்லாரும் இதைத்தான் போடுவார்களாம்.

கொயர் மாஸ்டர் வாட்ஸப்பில் ஒரு பச்சை மாத்திரையின் போட்டோ அனுப்பினார்.

மூன்றாவது, டிவி விளம்பரத்தில் வருவது. அதை விழுங்கியவர் உடனே மழையில் டான்ஸ் ஆடுவார். (அதைப் பார்த்துத்தான் இவருக்கு நம்பிக்கை.)

பச்சையிலும் டிவி மாத்திரையிலும் நேற்று இரண்டிரண்டு வாங்கி வைத்து, இன்று காலையில் மூன்றையும் ஒன்றாகப் போட்டார். மத்தியானமும் அப்படியே போடப் போவதாகச் சொன்னார். அதோடு வாங்கிய இரண்டும் தீர்ந்துவிடும் என்று என்னைக் கடைக்கு அனுப்பினார்.

பில் போடும் வரை சும்மா நிற்பானேன் என்று இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கினேன். இரண்டிலும் பாரசிட்டமால்.

கடையிலிருந்த பார்மசிஸ்ட் அக்காவிடம் கேட்டேன். முழு விஷயத்தையும் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"ரெண்டையும் சேத்துப் போடப்படாது. அளவு கூடுனா ஈரலைக் கெடுத்திரும். அந்த துபாய் மாத்திரையிலயும் இதுதான் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மத்தியான மாத்திரை போட்டாச்சா?"

"கையில வச்சிருக்கேன். குடிக்க வெள்ளம்தான் எடுக்கணும்."

"போடாதீங்க. தம்பி தந்த டப்பால என்ன மருந்துன்னு வாசிங்க."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அதுவும் அதே பாரசிட்டமால்தான்.

"மூணும் ஒரே மருந்துதான்" என்றேன்.

"ஏட்டி, மூணும் மூணு கலருல்லா?"

சிரிப்பு வரவில்லை, அப்போது. இரண்டு அட்டைகளையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அவரையும் ஏற்றிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனேன்.

டாக்டர் எப்போது, எவ்வளவு என்று எல்லாம் விசாரித்தார். ஒருவேளையோடு நிறுத்தியதால் பயப்பட வேண்டாம் என்றார். இனி ஒரே ஒரு மாத்திரை, அதுவும் அவர் சொல்லும் இடைவெளி விட்டு. சுடுதண்ணீர் குடித்து, பேச்சைக் குறைத்தாலே தொண்டை சரியாகிவிடுமாம்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசியாக டாக்டர் கேட்டார், "இதையெல்லாம் போடச் சொன்னது யாரு?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் சேந்துதான் சொன்னாவ, டாக்டர்" என்றார்.

டாக்டரே சிரித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் சளி, காய்ச்சல் என்றால் யாரிடம் கேட்டு மாத்திரை வாங்குவீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள் மக்கா.

மாத்திரை பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். இவர் எல்லாக் கமெண்டையும் வாசிப்பார்.