அம்சவல்லியின் ஒற்றைக்குழல்

கணவன் தாண்டவராயன் இறந்து ஒன்பது மாதமாகியும் அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில்தான் கிடந்தது. லைசென்ஸ் அவன் பேரில். ஆள் போனதும் துப்பாக்கியையும் ஒப்படைத்தாக வேண்டும். அதைத் தன் பேருக்குக் கேட்டு மனுப் போட்டிருந்தாள் அம்சவல்லி. வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே அவள் ஊர். கம்பெனிச் சுவர்கள் எழ எழ, காப்புக்காட்டுப் பன்றிகளுக்குப் போக்கிடம் சுருங்கி, மிச்சமிருந்த வேர்க்கடலைக் கொல்லைகளில் வந்து விழுந்தன. அவளுடையது ஒன்றேகால் ஏக்கர். கடலை பிடுங்க முப்பது நாள் இருந்தது. அதற்குள் துப்பாக்கி வந்து, வானத்தைப் பார்த்து நாலு வெடி போட்டால் கடலை வீட்டுக்கு, இல்லாவிட்டால் பன்றிக்கு.

விசாரணைக்கு வரச் சொல்லி போன் வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரகடம் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகன் சிவசங்கரின் பைக்கில் ஏறி, "சீக்கிரம் போடா, சைக்கிள்காரன்லாம் முந்திகினு போறான்!" என்று விரட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தணிகாசலம் மனுவைப் புரட்டினார். "எந்தக் கம்பெனியில செக்யூரிட்டிம்மா?"

"கம்பெனியா? கடலக் கொல்லைக்கு சார். பன்னி வெரட்ட."

"இதுல காவலர் வேலைக்குன்னு இல்ல இருக்கு? கம்பெனி லெட்டர் இல்லாட்டி ரிஜெக்ட்டுதான்."

அம்சவல்லி மகனைத் திரும்பிப் பார்த்தாள். ஆன்லைனில் மனுவை நிரப்பியவன் அவன்தான். "எங்க கம்பெனி லைன்ல பசங்கல்லாம் அவங்க அப்பாவுக்கு இப்டித்தான்மா போட்டாங்க. கன்மேன் வேலைன்னா உடனே கெடைக்குமாம்."

"பயிருக்குன்னு போட இன்னாடா வெக்கம் உனுக்கு? பி.இ. ஃபீஸு கட்டினது எந்தக் கம்பெனி, இந்தக் கடலதானே?"

ஸ்டேஷனே சிரித்தது. அவள் விடவில்லை. "தப்புன்னு இப்பவே எழுதித் தரேன் சார். நீங்க கொல்லைய வந்து பாருங்க."

"பாக்கலாம். துப்பாக்கியத் தூக்கத் தெரியுமா மொதல்ல?" என்று சிரித்தபடி, இளம் கான்ஸ்டபிள் ஒருவரிடம் அதை எடுத்துவரச் சொன்னார்.

கான்ஸ்டபிள் துப்பாக்கியை நீட்டினார். அம்சவல்லி தொடவில்லை. "தம்பி, வெரல எடு. ட்ரிக்கர் மேல கீது."

அவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார். அதன்பிறகே வாங்கினாள். குழலைத் தரைக்குத் திருப்பி, மடக்கித் திறந்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். "காலி சார். ஆனா எண்ணெயே போடலியே, துரு ஏறிகீது!"

இருபத்திரண்டு வருஷம் அதை வெடித்தது தாண்டவராயன்தான். துடைத்தது அவள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க அவனோடு வந்து, ரசீதைப் பத்திரப்படுத்தியதும் அவள்தான்.

தணிகாசலம் சிரிப்பை நிறுத்தினார். அடுத்த அரைமணியில் ஜீப் கொல்லைமேட்டில் நின்றது. மேற்குப் பக்கம் கலப்பை ஓட்டினாற்போல் கிளறிக் கிடந்தது. பன்றிக் குளம்படியைக் குனிந்து பார்த்தவர், ஜீப் முகப்பில் காகிதத்தை வைத்து அவளுடைய வாக்குமூலத்தை வாங்கினார். கீழே 'பயிர்ப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார்.

"இன்னிக்கே குடுத்துடுவீங்களா சார்?"

"கலெக்டர் கையெழுத்து ஆவணும்மா."

"அது பன்னிக்குத் தெரியணுமே சார்!"

பத்தொன்பதாம் நாள் லைசென்ஸ் வந்தது, ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியும் கைக்கு வந்தது. அன்று பொழுது சாயும் நேரம் வரப்பில் சலசலப்பு. அம்சவல்லி வானத்தை நோக்கிக் குழலைத் தூக்கினாள். டமார்! அஞ்சு பன்றிகள் காட்டைப் பார்த்து வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடின. ரோட்டில் ஷிப்டுக்குப் போன பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள்.

தோள் அதிர்ந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சங்கரு, ஓடுது பார்ரா! உன் கம்பெனி பஸ்ஸ விட ஸ்பீடு!"