கைக்குழந்தைக்கு விசிட்டர் பாஸ் எழுதியவர்

குருசாமி ஐயா இறந்துவிட்டார்.

காலையில் மிஷினில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மிஷின் மாரியம்மா வந்து சொன்னாள். "ஏட்டி, நம்ம கேட்டு மிலிட்டரி போயிட்டாராம்... ஸ்ரீவில்லிபுத்தூர்ல, வீட்டுல வச்சே."

நூல் அறுந்து கிடந்தது. ஒட்டத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் செக்யூரிட்டியாக இருந்தவர். மில் பெயரை எழுதவில்லை. நாளைக்கும் நான் அதே கேட் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வருஷம் அந்த மனுஷனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எட்டு மணிக்கு கேட் பூட்டு. அதற்கு மேல் வந்தால் அரை நாள் ஆப்சென்ட். ஒருநாள் மினி பஸ் பஞ்சர். ஓடி வந்து நின்றபோது எட்டு நாலு.

"நாலு நிமிஷம்தானய்யா..."

"நாலு நிமிஷம்னு ஒனக்கே தெரியுதுல்ல. பொறவென்ன? மத்தியானம் வா தாயி."

"நீங்கல்லாம் நல்லா இருப்பீயளா?"

"நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல நிக்காத. அந்தப் பக்கம் நிழல் கெடக்கு."

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன்.

அப்புறம் கயல் பிறந்தாள். காண்ட்ராக்ட் ஆளுக்குப் பிரசவ லீவு கிடையாது என்றார்கள். மூன்றாம் மாசமே திரும்பி வந்தேன். வராவிட்டால் என் இடத்தில் வேறு ஆள்.

ஷிப்ட் முடியும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைய நாளே போச்சு. பதினொரு மணிக்கெல்லாம் ரவிக்கை நனைந்துவிடும், ஈரத்தில் பஞ்சு வந்து அப்பிக்கொள்ளும். பாத்ரூமில் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு வருவேன். வீட்டில் பிள்ளை புட்டிப்பாலைத் துப்பிவிட்டு அழும்.

மில்லில் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. உள்ளே காலி அட்டைப்பெட்டிகள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் அன்று மட்டும் பெட்டிகள் வெளியே போகும், ஒரு தொட்டில் உள்ளே வரும்.

இரண்டு வாரம் தாங்கினேன். பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் கேட்டில் நின்று சொன்னேன். "இன்னியோட நிக்கப் போறேன்யா. ஒங்க ரூலை நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ வெளிய போனாத்தான் ஆப்சென்ட்டு. பிள்ளை உள்ள வந்தா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல விசிட்டரு கால் மணி நேரம் பாக்கலாம்னு போட்டிருக்கு. நாளைக்கு ஒங்க அத்தைகிட்ட பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லு."

மறுநாள் நிஜமாகவே பாஸ் எழுதினார். பெயர்: கயல். யாரைப் பார்க்க: என் பெயர். காரணம்: சாப்பாடு. கையொப்பம் என்ற இடத்தில் ஸ்டாம்ப் பேடில் அமுக்கிய பிள்ளையின் பெருவிரல்! என் மாமியார் கத்தினார். "பச்சப்பிள்ளை கைய மையாக்குதீயளே, வாயில வைக்குமே!"

"ரிஜிஸ்டரு முழுசா இருக்கணும்லம்மா" என்றவர், ஈரத்துணியால் அவரே அந்த விரலைத் துடைத்துவிட்டார்.

விசிட்டர் ரூமில் நான் பால் கொடுப்பேன். அவர் நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டு வாசலை மறித்து உட்கார்ந்துகொள்வார். லாரி டிரைவர் யாராவது வந்தால், "ஏலே, செத்த நேரம் அங்கிட்டே நில்லு!"

கால் மணி நேரம் ஆனதும் கம்பால் தரையைத் தட்டுவார். ஒருநாள் பிள்ளை குடித்து முடிக்கவில்லை. தட்டினார். 'அவுட்' எழுதினார். உடனே அடுத்த வரியில் மறுபடியும் 'இன்' எழுதினார். "விசிட்டரு திரும்ப வந்திருக்காக. நீ குடு தாயி."

அதற்காக எனக்குச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். அதே மாசம் இரண்டு நிமிஷம் லேட்டாகப் போனதற்கு என்னைத் திருப்பி அனுப்பினார். "பாப்பா கணக்கு வேற, பஸ்ஸு கணக்கு வேற."

எச்.ஆர். சார் ஒருநாள் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டார். நான் உள்ளே பிள்ளையோடு இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"என்னய்யா இது, கைக்குழந்தை விசிட்டரா?"

"ரூல்ல வயசு போடல சார்."

"நாளையிலிருந்து இது கூடாது."

"சரிங்க சார். எழுதிக் குடுங்க. மில்லுல பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னு தமிழ்லயே பெருசா எழுதிக் குடுங்க. நோட்டீஸ் போர்டுல நானே ஒட்டுதேன்."

செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது... போய்விட்டார். அந்த நோட்டீஸ் வரவே இல்லை. அப்புறம் இன்னும் மூன்று பிள்ளைகளின் பெருவிரல் அந்த ரிஜிஸ்டரில் ஏறியது. மாரியம்மா மகனுடையதும் ஒன்று.

அடுத்த வருஷம் செக்யூரிட்டி காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது அவர் பெயர் மட்டும் இல்லை. காரணம் கேட்டோம். யாரும் சொல்லவில்லை. நோட்டீஸ் எழுதத் துணியாதவர்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள்.

நான் வேலையில்தான் இருக்கிறேன். கயல் ஒரு வயசு தாண்டும்வரை குடித்தாள்.

இன்று லீவு கேட்டேன். துக்க லீவு ரத்த சொந்தத்துக்கு மட்டும்தானாம். "அவரு ஒனக்கு யாரு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். பாரத்தில் 'உறவு' என்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆப்சென்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் போய்க் கயலைக் கூட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இன்னும் வரவில்லை.

பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு, ஐயா. பெயரை அவளே எழுதுவாள்.

பார்க்க வருகிறோம்.