மூடுபனிக்குள் சந்தன வாசம்

அந்த அழுகையை முதலில் கேட்டவன் எங்கள் வேன் டிரைவர் தங்கராசுதான். வண்டியைச் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, கேட்டீகளா? பொம்பள அழுகுற சத்தம்."

சின்னமனூரில் மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் நான் மெக்கானிக். 'பொம்பளையா மெக்கானிக்?' என்று வாயைப் பிளப்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டேன். ஆட்களையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி மேகமலையில் விடுவோம். அவர்கள் சைக்கிளில் இறங்குவார்கள், நாங்கள் பின்னாலேயே வருவோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். வந்தது ஒரே ஆள், செல்வி டீச்சர். தேனியில் பள்ளிக்கூட வேலை, எங்கள் பழைய வாடிக்கை. கிளம்பும் முன் காற்று, செயின், பிரேக் எல்லாம் பார்த்தேன். லீவர் கெட்டியாக இருந்தது. ஹேண்டில்பாரில் பூ, ஃபிரேமில் சந்தனம், குங்குமம். நான் வீரபாண்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதால் பூஜை முழுக்கத் தங்கராசு கைவேலை.

பாதி மலை இறங்குவதற்குள் மூடுபனி கவிந்துவிட்டது. பகல்தான், ஆனாலும் வேனுக்கு முன்னால் ரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. டீச்சரின் சிவப்பு லைட் ஒரு வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம்.

நீளமாக எழும்பும், அறுந்துபோகும், இன்னும் கீழேயிருந்து மறுபடி எழும்பும். கடைசியாக ஒருமுறை ஓங்கி அலறிவிட்டு அடங்கியது. பனிக்குள்ளிருந்து கருகிய சந்தன வாசம் மேலேறி வந்தது.

"ஆத்தா, கௌமாரி!" என்று தங்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். "கண்ணாடிய ஏத்துங்கக்கா. இந்த வளைவு சரியில்ல."

"தங்கராசண்ணே!"

கீழேயிருந்து ஒரு குரல். நான் கதவில் கை வைத்தேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்னு கேட்டுறாதீக! அது பேரச் சொல்லித்தான் கூப்பிடும். ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. மூணாவதும் கூப்பிட்டாத்தான் மனுசங்க."

"அண்ணே..." இந்த முறை குரல் தேய்ந்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்றாவது குரல் வரவில்லை. அவன் 'பாத்தீகளா' என்பதுபோலத் தலையாட்டினான்.

எனக்கு அந்த வாசம் மட்டும் உறுத்தியது. சந்தனம் ஏன் கருக வேண்டும்? பின்னால் கிடந்த ஸ்பேர் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன். சக்கரத்தை நிறுத்துகிற டிஸ்க் எண்ணெய்ப் பளபளப்பில் மின்னியது. அதன் மேலேயும் வரிசையாகச் சந்தனப் பொட்டு.

"ஏலே, டிஸ்க்குல என்னத்தலே தடவுன?"

"தேங்கா எண்ண போட்டுத் தொடச்சுப் பொட்டு வச்சேங்க்கா. எல்லா சைக்கிளுக்கும்தான். சாமிக்கு வைக்கிறது, பளிச்சுன்னு இருக்கட்டும்னு..."

"அடப் பாவி! அழுதது டீச்சரோட சைக்கிளுதாம்லே! எடு வண்டிய!"

எண்ணெய் பட்ட டிஸ்க்கை பிரேக் பேட் கவ்வாது. வழுக்கும், சூடேறும், ஊளையிடும். நிற்கிற சைக்கிளில் லீவரை அமுக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. டிஸ்க்கை நானும் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த வளைவில் சைக்கிள் மலைப்பக்க ஓடையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பாறையில் சாய்ந்தபடி டீச்சர். ஒரு கை தோளிலிருந்து தொங்கியது. ரோட்டின் அந்தப் பக்கம் வெறும் வெள்ளை, அதற்குக் கீழே பள்ளம். நல்லவேளை, இந்தப் பக்கம் சாய்த்திருக்கிறார். அதனால்தான் உயிர் மிஞ்சியது.

தங்கராசு தேம்பிக்கொண்டே அவரைத் தூக்கினான்.

"வேன் சத்தம் மேல கேட்டுச்சே" என்றார் டீச்சர். "கூப்பிட்டேனேண்ணே. ரெண்டு தடவ கூப்பிட்டேன். அப்புறம் மூச்சு அடைச்சுப்போச்சு. கேக்கலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேனை நோக்கி நடந்தான். நான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தேன்.

டீச்சர் பிழைத்தார், மறுபடி சைக்கிளும் ஏறினார். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பொட்டை ஃபிரேமில் வையுங்கள், டிஸ்க்கில் விரல்கூடப் படக்கூடாது. பிரேக்கை ஓட்டிப் பார்த்துச் சோதியுங்கள். மலையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையே என்னவென்று கேளுங்கள். பேயாக இருந்தால்தான் என்ன, அதற்கும் ஏதாவது அவசரம் இருக்கும்.