மரியாதைக்கு ஆடியவள்

ஷார்ஜாவில் அந்த வீட்டை எடுப்பதற்கு முன் என் கணவர் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சுற்றுவட்டாரத்தில் பாட்டுச் சத்தம் இருக்கக் கூடாது.

"டிவி மாஃபி, ரேடியோ மாஃபி" என்று வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை. குடிவந்த முதல் வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில், எங்களுக்கும் அவருக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் மத்தளம் முழங்க ஆரம்பித்தது.

அப்போது துபாயில் மெட்ரோ வந்திருக்கவில்லை. அல் கூஸில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த என் கணவர், கம்பெனி பஸ்ஸில் நெரிசலைக் கடந்து வீடு சேரும்போது இரவின் இஷா தொழுகையும் முடிந்திருக்கும். பக்கத்து வீட்டில் மத்தளம் ஓய்ந்து, ஆட்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருக்கும் நாள். அன்று சுவர் மௌனமாக இருக்கும். நான் அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அவர்தான் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை அந்த மாதங்கள் முழுக்க எனக்குள்ளேயே பலமுறை வாதாடி ஜெயித்திருக்கிறேன்.

அவருக்கு ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், தர்கா, கந்தூரி, கொட்டு, கொடி ஊர்வலம் எல்லாம் நம் மண்ணில் வந்து ஒட்டிக்கொண்டவை என்பது அவர் கட்சி. "அரபு நாட்டுல இதெல்லாம் கிடையாது புள்ள. இங்க மார்க்கம் சுத்தமா இருக்கு" என்பார். எங்கள் ஊர் தர்காவில் தலையை விரித்துப் போட்டு ஆடும் பெண்களையும், அவர்களைப் பிரம்பால் தட்டி "யாரு நீ, எங்கிருந்து வந்தே, எப்பப் போவே" என்று ஜின்னை விசாரிப்பவர்களையும் சின்ன வயதில் பார்த்துப் பயந்தவள் நான். பி.எஸ்ஸி. வேதியியல் வேறு. அதனால் அவர் சொன்னதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாகவே இருந்தது.

எனக்கிருந்த கவலை வேறு. என் மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம். தண்ணி, பால், யல்லா, இன்னும் ஒரு "ஊம்". அவ்வளவுதான் அவள் பேச்சு. மார்ச்சில் கேஜி நேர்காணல். பெயர் கேட்பார்கள், கலர் கேட்பார்கள், ஒரு ரைம் சொல்லச் சொல்வார்கள் என்று மற்ற அம்மாக்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் நிச்சயம் கிடைக்காது என்றும் சொல்லியிருந்தார்கள். நான் படம் போட்ட அட்டைகள் வாங்கினேன். ஒரு நோட்டில் அவள் சொன்ன சொற்களை எழுதினேன். முதல் பக்கமே நிறையவில்லை. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்று ஒரு பத்திரிகையில் படித்து, வீட்டில் தமிழை நிறுத்தினேன். தாய்மொழிதான் அடிப்படை என்று இன்னொன்றில் படித்து, இரண்டு வாரத்தில் ஆங்கிலத்தை நிறுத்தினேன். இடையில் அந்தக் குழந்தை என்ன கேட்டிருக்கும் என்று இப்போது யோசித்தால், என் பெருமூச்சைத்தான் கேட்டிருக்கும்.

ஊரிலிருந்து மாமி ஃபோனில் சொல்வார்கள். "தர்காவுல ஓதி ஒரு கயிறு அனுப்பி வுடுறேன், இடுப்புல கட்டு. என் மவனுக்குத் தெரிய வேணாம்." அவர்கள் மகனோ, "நானும் சின்னதுல லேட்டாத்தான் பேசுனேனாம்" என்பார். பிறகு அதற்கெல்லாம் சேர்த்து ஈடுகட்டிவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வியாழக்கிழமைகளில் மகள் சுவரில் நெற்றியை வைத்து நிற்க ஆரம்பித்தாள். மத்தளத்தோடு இன்னொரு ஒலி வரும். சாக்கு நிறையக் காய்ந்த புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது மாதம், குழந்தையின் மதியத் தூக்கம் கெடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்கப் போனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு தட்டில் வட்டலப்பமும் எடுத்துக்கொண்டேன். புகார் சொல்லப் போகிறவள் இனிப்போடு போகலாமா என்று வாசல்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் திக்கென்றது. வீட்டுக்காரரின் தங்கை. நாற்பது வயதிருக்கும். தடுப்பூசி கிளினிக்கில் கார்டு எழுதும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். போலியோ சொட்டுக்குப் பதினோரு நாள் தாமதமாகப் போனதற்காக வரிசை முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டியவள். இந்தியர்களோடு வேலை பார்த்துப் பழகிய இந்தியில் அவள் பேசியதை நான் தமிழில்தான் எழுத முடியும்.

"பதினோரு நாள்" என்றாள், என்னைப் பார்த்ததும். தட்டை வாங்கிக்கொண்டாள். "செருப்பைக் கழட்டிட்டு வா."

முற்றத்தில் பாய் விரித்திருந்தது. நடுவே ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் இசைக் கருவி. அதற்கு தம்புரா என்றே பெயர் சொன்னார்கள். ஆனால் நம் கச்சேரி மேடைகளில் சாய்ந்து நிற்கும் தம்புராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோல் போர்த்திய ஒரு பெரிய கிண்ணம், அதிலிருந்து இரண்டு கொம்புகள், குறுக்கே ஒரு கட்டை, ஆறு தந்திகள். வீட்டுக்காரர்தான் வாசித்தார். பகலில் முனிசிபாலிட்டி தண்ணீர் லாரி ஓட்டுபவர். வாசிக்கும் முன் அந்தக் கருவிக்குச் சாம்பிராணி காட்டினார்கள், வீட்டுக்கு வந்த பெரிய மனுஷருக்குக் காட்டுவதுபோல. அதைத் தாண்டி நடக்கக் கூடாது. அதன் முன்னால் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. புளியங்கொட்டை ஒலியும் புரிந்தது. ஒருவர் இடுப்பில் அகலமான துணிப் பட்டை கட்டியிருந்தார். அது முழுக்க ஆட்டுக் குளம்புகள் தைத்திருந்தன. அவர் இடுப்பை அசைக்க அசைக்க அவை ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எதிரெதிராக நின்று, முன்னே மூன்று அடி, பின்னே மூன்று அடி.

பாட்டு அரபியில் இல்லை. "என்ன பாஷை?" என்று கேட்டேன்.

"பாதி எங்களுக்கும் தெரியாது" என்றாள். "எங்க ஆளுங்க ஆப்பிரிக்காலேர்ந்து வரும்போது இதைக் கொண்டு வந்தாங்க. உங்களுக்கெல்லாம் விசா குடுத்து டிக்கெட் போட்டுக் கூப்பிட்டாங்க. எங்க முன்னோரை டிக்கெட் இல்லாமலே கப்பல்ல ஏத்திட்டாங்க. சாமான் எதுவும் எடுத்துக்க விடல. அதான் பாட்டை எடுத்துட்டு வந்தாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன்.

அன்று ஒரு பருமனான பெண்மணி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கால்வலி, தூக்கமின்மை, டாக்டர்கள் கைவிரித்தது. தலையில் பச்சைத் துணி போட்டிருந்தார்கள். அவளுக்குள் ஓர் ஆவி வந்திருக்கிறதாம். ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு பாட்டு உண்டாம். எது யாருடையது என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பார்கள். உடம்பு எந்தப் பாட்டுக்குப் பதில் சொல்கிறதோ, வந்திருப்பவர் அந்தப் பாட்டுக்குரியவர். ஐந்தாவது பாட்டில் அவள் வலது முழங்கால் ஆடியது. சுற்றியிருந்தவர்கள் சந்தோஷமாகக் குலவையிட்டார்கள். அவள் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். அந்த உடம்பு அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அரைமணி கழித்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். ஆவிக்கு ஒரு கோப்பை, அவளுக்கு ஒரு கோப்பை. இரண்டையும் அவளே குடித்துவிட்டு, பிள்ளைகளின் ஸ்கூல் பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று பக்கத்திலிருந்தவளிடம் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

"எப்ப விரட்டுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"யாரை?"

"அதை. ஜின்னை."

"வந்தவங்களை ஏன் விரட்டணும்? பாட்டுப் போட்டு, ஆடவிட்டு, காப்பி குடுத்தா அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. உங்க ஊர்ல விருந்தாளி வந்தா அடிப்பீங்களா?"

பிரம்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சத்தம் பற்றிப் பேச வந்ததும் மறந்துபோனது. அடுத்த வியாழன் மகளோடு போனேன். மார்ச்சுக்கு ஏழு வாரம் இருந்தது. இது கூடாது என்று எனக்குத் தெரியும். கயிறு கட்டினால்தானே தப்பு, பாட்டுக் கேட்டால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாட்டும் கூடாதுதான் என்று உடனே நினைவு வந்தது.

"பேச்சு வரலை" என்றேன். "இவளுக்கு வாசிச்சுப் பாருங்களேன்."

வீட்டுக்காரரின் தங்கை என் மகளைத் தம்புராவின் முன் உட்கார வைத்தாள். நாலு பாட்டு வாசித்தார்கள். மகள் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, குளம்புக்காரரின் இடுப்பையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண் அவள் முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொடக்குப் போட்டாள். மகள் திரும்பினாள். கதவைச் சாத்தும்படி என்னைத் தமிழில் சொல்லச் சொன்னாள். மகள் போய்ச் சாத்தினாள்.

"இவளுக்குள்ள யாரும் இல்ல. காது கேக்குது, சொன்னா புரியுது. செவ்வாய்க்கிழமை எங்க கிளினிக்குக்குப் பேச்சுப் பயிற்சி டாக்டர் வர்றாங்க, எகிப்துக்காரி. அம்மா அப்பா ரெண்டு பேரும் வரணும். நான் எழுதி வைக்கிறேன்."

மத்தளம் கேட்க வந்தவளுக்கு டோக்கன் கிடைத்தது. நன்றி சொல்லி எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள். "உன்னைத்தான் பாக்கணும். வந்ததுலேர்ந்து பொண்ணு துணியையே இழுத்து இழுத்துச் சரி பண்றே."

வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது என் குணம். உட்கார்ந்தேன். தலையில் துணியைப் போட்டார்கள். முதல் பாட்டு. இரண்டாவது. ஊறவைத்த அரிசி ஞாபகம் வந்தது. நான்காவது. இங்கே உட்கார்ந்தபின் என் தொழுகைகள் ஏற்கப்படுமா என்ற பயம் வந்தது. ஆறாவதில், குளம்புக்காரரின் மூச்சிரைப்பு துணிக்குள் எனக்குக் கேட்டது. பாவம், வயதானவர், எனக்காக இவ்வளவு நேரம். எட்டாவது பாட்டு ஓடியபோது என் கவலையெல்லாம் இவர்களை எப்படிச் சீக்கிரம் விடுவிப்பது என்பதுதான். தர்காவில் பார்த்திருக்கிறேனே. தோளை லேசாகக் குலுக்கினேன். தலையை ஒரு சுற்று சுற்றினேன்.

மத்தளம் நின்றது. துணியை எடுத்துவிட்டு அவள் என்னையே பார்த்தாள். கவுண்டரில் பார்த்த அதே பார்வை.

"பொய்" என்றாள். "மரியாதைக்கு ஆடுறே."

"அவங்க ரொம்பக் களைச்சுட்டாங்க, அதான்..."

"அவங்க களைப்பு உனக்கெதுக்கு? பாட்டு ஒரு கேள்வி. உள்ளே யாருன்னு கேக்குது. நீ விருந்துக்கு வந்தவ மாதிரி, போதும் போதும்னு பதில் சொல்றே. ஹலாஸ், முடிஞ்சுது, எழுந்திரு. உன் பாட்டு எங்ககிட்ட இல்ல போல. இல்லேன்னா உனக்கே காட்ட மனசில்ல."

குளம்புக்காரர் பட்டையை அவிழ்த்தபடி, "நல்லாத்தான் ஆடுனா" என்றார் ஆறுதலாக. எல்லோரும் சிரித்தார்கள். முகம் எரிய மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு அவர் அரை நாள் லீவு போட வேண்டும். இந்த டாக்டரைப் பற்றி யார் சொன்னது என்று கேட்பார். கிளினிக்கில் போர்டு பார்த்தேன் என்று சொல்லலாம். இரவு முழுக்க அந்த வாக்கியத்தைத் தயார் செய்தேன். வெள்ளிக்கிழமை அவர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன், துணிக்குள் உட்கார்ந்தது உட்பட.

"அரபி வீட்லயா?" என்றார்.

"ஆமா மச்சான்."

"அவங்க அசல் அரபி இல்லை. வெளியேர்ந்து வந்தவங்க."

"நாம?" என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் டீ போடப் போய்விடுவேன். அன்று போகவில்லை. "நீங்க அந்த வீட்டைப் பத்தி எவ்வளவு வேணா திட்டுங்க. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுத் திட்டுங்க."

லீவு போட்டார். எகிப்து டாக்டர் முக்கால் மணி நேரம் மகளோடு விளையாடிவிட்டு, வீட்டில் குழந்தைக்குப் பாடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். தாலாட்டு? இல்லை. கைதட்டி விளையாடுவது? நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். பேச்சு தாளத்தில் ஏறித்தான் வரும் என்று சொல்லி டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தினமும் பதினைந்து நிமிடம், பெற்றோர் இருவரும், பாட்டு, கைதட்டல், அசைவு. கீழே முத்திரை.

என் கணவர் முத்திரையிட்ட எந்தத் தாளையும் மீற மாட்டார். கருவி கூடாது, கைதட்டலாம் என்று தனக்குள் ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டார். காலை ஃபஜர் முடிந்து பஸ்ஸுக்கு முன், கடிகாரத்தை எதிரில் வைத்து, கிடங்கில் பெட்டி எண்ணும் முகத்தோடு கைதட்டுவார். நான் சமையலறைப் பொருள்களின் பெயர்களை மெட்டுக் கட்டிப் பாடுவேன். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஐந்தாவது வாரம் நோட்டில் இரண்டாம் பக்கம் திருப்பினேன். ஆனாலும் வெளியாட்கள் முன் அவள் வாய் திறக்கவில்லை.

மார்ச் வந்தது. நேர்காணல் அறையில் டீச்சர் ஒரு சிவப்புப் பந்தைக் காட்டினார். மகள் பந்தைப் பார்த்தாள். பெயர் கேட்டார். மகள் டீச்சரின் காதுத் தொங்கட்டானைப் பார்த்தாள். ஒரு ரைம் சொல்லு என்றார். அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும். டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். அவர் என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது என் கணவர், அயர்ன் செய்த சட்டையில், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தபடி கைதட்ட ஆரம்பித்தார். மெல்ல அல்ல. காலையில் தட்டும் அதே தட்டல். நாலாவது தட்டில் தலையும் ஆடியது. டீச்சர் பேனாவை வைத்தார். எனக்கு மாரடைப்பு வரும்போல் இருந்தது. மகள் சிவந்துபோய் அவரிடம் ஓடி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, வேணாம். டீச்சர் பாக்குறாங்க. வீட்டுக்குப் போய் தட்டலாம்."

அவள் வாழ்க்கையின் மிக நீளமான பேச்சு அதுதான். டீச்சர் படிவத்தில் எழுதியது தலைகீழாக எனக்குத் தெரிந்தது. பேசுகிறாள். தாய்மொழியில் மட்டும். ஆங்கிலத்தில் கவனம் தேவை. அதற்குக் கீழே, சேர்க்கலாம் என்ற கட்டத்தில் ஒரு டிக்.

வாசலில் டீச்சர் என்னை மட்டும் நிறுத்தி, தாழ்ந்த குரலில், "உங்க ஹஸ்பண்ட் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆமா மேடம்" என்றேன். "தினமும் காலையில பதினஞ்சு நிமிஷம்."