ஆளில்லாத கிராண்ட் கேன்யன்

அமெரிக்காவில் எடுத்த படங்களை அச்சிட, இன்று இங்கே எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கலியாண அல்பம் செய்யும் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கிராண்ட் கேன்யன் படத்தைக் கடைக்கார அண்ணை கனநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஒரு ஆளையும் காணேல்லையே?"

"ஆக்கள் விலகுமட்டும் காத்து நிண்டு எடுத்தனான், அண்ணை."

"நல்லதாப் போச்சு. இதை எனக்குத் தாங்கோ. ஒரு சோடிக்கு அல்பம் செய்யிறன். கலியாணம் முடிஞ்சு மாப்பிள்ளை இஞ்சை வந்திட்டார். ஊரிலை நிக்கிற பொம்பிளைக்கு இன்னும் விசா கிடைக்கேல்லை. அல்பத்திலை ரெண்டு பேரையும் வெட்டி ஒட்டி இதுக்கு முன்னாலை நிப்பாட்டுவம்."

கொடுத்துவிட்டேன். அன்று நான் காத்து நின்றது இவர்களுக்கு இடம்விடத்தான் போலிருக்கிறது.

அந்த அல்பம் உங்களில் யார் கைக்காவது வந்தால் இருவரிடமும் சொல்லுங்கள்: நான் படமெடுத்த விளிம்பில் கம்பிவேலி இல்லை. ஆளையாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.